எனக்குக் கடுக்காய் கொடுத்த கல்

கல்லுக்கு வயது சொல்லும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் ஒழுங்காகச் செய்த வேலைகளை எழுதினால் நீங்கள் இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி விடுவீர்கள். ஆகையால் நான் அசடு வழிந்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். இருபத்தெட்டு வருட வேலையில் நான் மிக அதிகமாகப் பயந்ததும் மிக அதிகமாகச் சிரித்ததும் அந்த ஒரே நாளில்தான். இப்போதும் ஸ்கூட்டரில் போகும்போது அது நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்துவிடுகிறேன். மூலக்குளம் பக்கம் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டு போகும் ஒரு பெண்மணியைப் பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள், அது நான்தான்.

பன்னிரண்டு வருடம் இருக்கும். நம் ஊருக்கு வடமேற்கே, ஏரி தாண்டி, மழைநீர் அரித்து அரித்துக் குழியும் பொந்துமாகக் கிடக்கும் சுண்ணாம்புப் பாறைப் பகுதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் அடுத்த வாரமே அழைத்துப் போவார்கள், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாறையின் மேல் இறுகிப்போன ஓர் ஓடு இருக்கும். அதைத்தான் மேலோடு என்கிறோம். மழைநீர் பாறையைக் கொஞ்சம் கரைத்துக்கொள்கிறது. பிறகு நம் ஊர் வெயில் அந்த நீரை உறிஞ்சிவிடுகிறது. நீர் போய்விடுகிறது, சுண்ணாம்பு தங்கிவிடுகிறது. போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடித்துக்கொள்கிறதே, அதே கதைதான். மழையும் வெயிலும் மாறி மாறி வர, மெல்லிய அடுக்கின் மேல் அடுக்காக ஓடு வளர்கிறது.

அது எவ்வளவு காலமாக வளர்ந்தது என்று தெரிந்தால், எத்தனை காலமாக இங்கே மழையும் வறட்சியும் இப்படி மாறி மாறி வந்திருக்கின்றன என்று சொல்லலாம். அதற்குத்தான் ஓட்டில் இருக்கும் கார்பனில், வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும் ஒரு வகையை எண்ணுகிறோம். இங்கேதான் சிக்கல். அந்தக் கார்பனில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும் காற்றிலிருந்து வருவது, அது புதிது. இன்னொரு பங்கு அடிப்பாறை கரைந்து வருவது, அது அரதப் பழசு. இரண்டும் கலந்துவிடுவதால் ஓடு தன் வயதைக் கூட்டிச் சொல்லும். நாம் அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு கழிப்பது? எங்களிடம் இருந்த எண், வேறு தேசத்துக் குகைகளில் வேறு யாரோ அளந்தது. அதை இரவல் வாங்கி, வருடக்கணக்காகக் கூச்சமே இல்லாமல் கழித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஆய்வகம் கடற்கரையிலிருந்து நாலு தெரு உள்ளே, பழைய பிரெஞ்சு வீடு ஒன்றில் இருந்தது. மொத்தம் நாலு பேர். நான் பொறுப்பாளர். கார்பன் எண்ணும் கருவியைப் பார்த்துக்கொள்பவள் ஜோசபின். ஒப்பந்தத்தில் இருந்த ஆய்வாளர்கள் இரண்டு பேர். அந்த வருடம் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு குழு வந்து பார்க்கும், காட்டுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை என்றால் கருவியைத் தலைமையகத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள், ஆய்வகத்தை மூடிவிடுவார்கள். ஒப்பந்தக்காரர்கள் இருவருக்கும் வேலை போகும். ஜோசபினுக்கு மாற்றல் வரும், இரண்டு நாள் ரயில் தூரத்துக்கு. அவள் அம்மா இங்கே படுத்த படுக்கையாக இருந்தார். ஜோசபின் கடிதத்தை வாசித்துவிட்டுக் கருவியைத் துடைக்கப் போனாள். ஏற்கெனவே துடைத்திருந்த கருவி அது.

இந்த நிலைமையில்தான் பதினேழாம் எண் கல் வந்து சேர்ந்தது.

நாலு விரல் கனம். வெளுப்பு. மேலே சாம்பல் நிறத்தில் அழுக்கு மாதிரி ஒரு தோல். வழக்கம்போல அந்தத் தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு உள்ளே இருந்ததைக் கருவிக்குக் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலை ஜோசபின் தாளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். தாளில் வயது என்ற இடத்தில் மைனஸ் போட்டு ஓர் எண் இருந்தது. அதாவது அந்தக் கல் இன்னும் பிறக்கவில்லை.

பயந்துவிடாதீர்கள், உங்களுக்கும் ஒரு நாள் இது வரும். போன நூற்றாண்டின் நடுவில் அணுகுண்டுகளை வெட்டவெளியில் வெடித்துப் பார்த்தார்கள் அல்லவா? அதில் நாம் எண்ணும் வகைக் கார்பன் காற்றில் ஏகத்துக்கும் கூடிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காற்றைக் குடித்து உருவான எதைக் கொடுத்தாலும் கருவி குழம்பிப் போய் மைனஸ் போடும். ஆக, இந்த ஓடு என் ஆயுளுக்குள் உருவானது. நாலு விரல் கனம்! ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகும் என்று எல்லோரும் எழுதி வைத்திருந்த ஒன்று, ஒரே தலைமுறையில் வளர்ந்து நிற்கிறது. ஜோசபின் "மோந்தியே" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பயந்தாலும் சந்தோஷப்பட்டாலும் அவள் வீட்டில் கடவுளைப் பிரெஞ்சில்தான் கூப்பிடுவார்கள். நான் உட்காரவில்லை. வெராந்தாவில் போய் ஒரு சுற்று சுற்றினேன், பிறகு இன்னொரு சுற்று. ஐம்பதை நெருங்கும் பெண் நான், தரையில் கால் பாவவில்லை.

பிறகு அதன் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தேன். சிப்பித் துண்டுகள் தெரிந்தன. ஒரு காலத்தில் கடல் இதுவரை வந்து போயிருக்கிறது என்று எழுதினேன். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. மாங்கனீஸ் என்று எழுதினேன். கையிலிருந்த துண்டின் ஓரத்தில் கெட்டியாக ஒரு கொட்டை மாட்டியிருந்தது. 'பாதி கல்லாகிவிட்ட காட்டு விதை, இனம் தெரியவில்லை' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். சமீபத்தில் உருவான ஓட்டுக்குள் பழைய கடலின் சிப்பி எப்படி வந்தது என்ற சந்தேகம் ஒரு நிமிடம் வந்தது. பழைய சிப்பி புது ஓட்டில் மாட்டிக்கொண்டது என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆசை வந்துவிட்டால் சமாதானங்களுக்குப் பஞ்சமே இல்லை, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆளுயரத்துக்கு ஒரு படம் அச்சடித்தோம். அதன் நடுவில் அந்தக் காட்டு விதை, தேங்காய் அளவுக்குப் பெரிதாக்கி. ஒப்பந்தக்காரர்கள் இருவரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

குழு வருவதாக இருந்தது காலை பதினொரு மணிக்கு. பத்து மணிக்கு எல்லாம் தயார். கல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து முன் ஹாலில் நிறுத்தியிருந்தோம்.

அப்போது எங்கள் வீட்டில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய வீடு என்பதால் சிமெண்ட் ஆகாது, சுண்ணாம்புதான். வேலையை எடுத்திருந்தவர் அன்வர் மேஸ்திரி. அரியாங்குப்பத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். டவுனில் எந்தப் பழைய வீட்டுத் தூணைத் தட்டினாலும் அது யார் கைப் பூச்சு என்று சொல்லிவிடுவார். அன்று தூசி பறக்கக் கூடாது என்று வேலையை நிறுத்தச் சொல்லியிருந்தேன். கடைசித் தூண் காய்கிறதா என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர், ஹாலில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து நின்றார். இதை எதற்குப் பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்.

கேட்டதுதான் தாமதம். நான் மேலோடு, மழை, வெயில், அணுகுண்டு என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். குழுவிடம் பேசுவதற்கு ஒத்திகை மாதிரி ஆயிற்று. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கையில் எடுத்துப் பார்க்கலாமா என்றார். எடுத்துக் கொடுத்தேன். நகத்தால் ஒரு கீறு கீறினார், மூக்கருகில் கொண்டுபோனார், ஓரத்தில் இருந்த கொட்டையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி ஏதோ தெரிந்துவிட்டவர் முகத்தில் வருமே, அந்த மாதிரி.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது கல்லு இல்ல, கலவ."

நான் சிரித்தேன். பெருந்தன்மையாகத்தான் சிரித்தேன். இது பூமியில் தானாக விளைந்தது என்று இன்னொரு முறை விளக்கினேன். அவர் அந்தக் கொட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இது கடுக்காக் கொட்ட. இடிச்சி ஊற வெச்சி, அந்தத் தண்ணியத்தான் சுண்ணாம்புல ஊத்துவோம். வடிகட்டாம ஊத்தினா இப்பிடி வந்து மாட்டிக்கும்."

நான் குனிந்து அந்தக் கொட்டையை இன்னொரு முறை பார்த்தேன். கல்லை எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன், ஏரி தாண்டி, சின்ன மாதா கோயிலுக்குப் பின்னால், தட்டையான பாறை மேல். அதைக் கேட்டவுடன் மேஸ்திரி அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அந்தக் கோயிலுக்குப் பூச்சு வேலை செய்தது இவர்களுடைய ஆட்கள்தானாம். பாறை சமமாக, சுத்தமாக இருந்ததால் அதன் மேலேயே கலவை போட்டார்களாம். வேலை முடிந்ததும் மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தார்களாம். அதைவிடப் பெரிய விஷயம், அப்போது தொழிலுக்குப் புதிதாக வந்திருந்த இவருக்கு அங்கே கொடுத்த வேலையே கடுக்காய்த் தண்ணீரை வடிகட்டுவதுதான்.

"நான்தான் மேடம் வடிகட்டல. துணி கிழிஞ்சிடுச்சி, யாரு பாக்கப் போறான்னு ஊத்திட்டேன்."

எந்த வருடம் என்று கேட்டேன். அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். அவருடைய மனைவிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"நம்ம நிக்காஹ் வருஷம்தாங்க அது. சுண்ணாம்புல உங்க கையெல்லாம் வெந்து போயி, மருதாணி வெக்க முடியலன்னு எங்க அம்மா அழுதாங்களே, மறந்துட்டீங்களா?"

அந்த வருடத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். கருவி போட்ட மைனஸ் எண்ணோடு அச்சுப் பிசகாமல் பொருந்தியது. சுண்ணாம்புக் கலவையும் இறுகும்போது காற்றைத்தானே குடிக்கிறது.

மணி பத்தரை. நுண்ணோக்கியிடம் ஓடினேன். கறுப்புப் புள்ளி ஒன்றைப் பெரிதாக்கினேன். மாங்கனீஸ் இல்லை. விறகின் ரேகை அப்படியே தெரிந்தது, சுண்ணாம்புக் காளவாயில் எரித்த கரி. சிப்பித் துண்டு கடல் வந்து போட்டதல்ல, கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு செய்தபோது வேகாமல் தப்பித்தது. கரி, கிளிஞ்சல், கடுக்காய். மூன்றையும் நான் கண்ணால் பார்த்தேன். மூன்றுக்கும் பெரிய பெரிய பெயர்களாக வைத்தேன். இந்த ஊரில் பிறந்து, சுண்ணாம்புச் சுவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டு, எதிரில் ஒருவர் தினமும் கடுக்காய் ஊற வைத்துக்கொண்டிருக்க, இந்தக் கல் எனக்கே கடுக்காய் கொடுத்துவிட்டது.

ஜோசபினைத் தனியாக அழைத்துச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சொல்ல வேணாம் மேடம். மேஸ்திரிய வீட்டுக்கு அனுப்பிடலாம். இன்னைக்கு ஒரு நாள் தாண்டிட்டா போதும்."

அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்கு அம்மா கண்முன் நின்றிருப்பார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதே எண்ணம்தான் ஓடியது. இந்தத் துறையில் நிபுணர் யாரும் குழுவில் இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு திருத்தம் வெளியிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அதற்குள் ஆய்வகம் தப்பித்துவிடும், நாலு குடும்பமும் தப்பிக்கும். இவ்வளவையும் யோசித்து, சரி, அப்படியே செய்துவிடுவோம் என்று ஏறக்குறைய முடிவுகூட எடுத்துவிட்டேன். சும்மா ஒரு முறை ஒத்திகை பார்ப்போம் என்று அந்த ஆளுயரப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். "இது ஒரு காட்டு விதை" என்று ஆரம்பித்தேன். தேங்காய் அளவு கடுக்காய் என்னைப் பார்த்தது.

அடக்க முடியாத சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. மறுபடி ஆரம்பித்தேன், விதை என்ற வார்த்தைக்கு அப்பால் போக முடியவில்லை. என்னைப் பார்த்து ஜோசபினுக்கும் தொற்றிக்கொண்டது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஆகவே, நேர்மையால் உண்மையைச் சொன்னேன் என்று உங்களிடம் பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். பொய்யைச் சொல்லும் அளவுக்கு முகத்தை நேராக வைத்துக்கொள்ள எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பதினொரு மணிக்குக் குழு வந்தது, ஐந்து பேர். தலைவர் சிரிப்பு என்றால் என்னவென்று கேட்கும் ரகம், கையில் ஒரு நீளக் குறிப்பேடு. நான் எழுந்து, பதினேழாம் எண் கல் மேலோடு அல்ல, சுண்ணாம்புக் கலவை என்று சொன்னேன். எப்படித் தெரிந்தது என்றும் ஒன்று விடாமல் சொன்னேன். கிழிந்த துணி, மருதாணி உட்பட.  ஒப்பந்தக்காரர்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். பிறகு, அப்படியென்றால் இன்று காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு வரவில்லை. ஜோசபின் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமும் இல்லை.

மேஸ்திரி வீட்டுக்குப் போகவில்லை போலிருக்கிறது. கதவருகிலிருந்து அவர் குரல் கேட்டது.

"சார், ஒரு வார்த்த. கீழ இருக்கறதுதான் எங்க கலவ. மேல சாம்பலா ஒட்டிக்கினு இருக்குது பாருங்க ஒரு தோல், அது நாங்க போட்டது இல்ல. அந்த மாதிரி சரக்கு எங்ககிட்ட கெடையாது."

ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. அடுத்த கணம் பெட்டியைத் திறந்து கல்லை எடுத்து, லென்சைக் கண்ணில் வைத்தேன். நாங்கள் சுரண்டாமல் விட்ட ஒரு மூலையில் அந்தத் தோல் மிச்சம் இருந்தது. நகத்தின் கனம்கூட இல்லை. ஆனால் அடுக்கு தெரிந்தது. ஒன்று, அதன் மேல் ஒன்று, அதன் மேல் இன்னொன்று. கலவையின் விரிசல்களுக்குள் எல்லாம் இறங்கி, மேட்டிலும் பள்ளத்திலும் வளைந்து வளைந்து படிந்திருந்தது. அடிப்பாறையைக் கரைத்துக்கொண்டு வந்த தண்ணீர், கலவையின் மேல் வழிந்து காய்ந்து, தன் வேலையைச் செய்திருந்தது. அதுதான் மேலோடு, அசல் மேலோடு. அது எப்போதைக்குப் பிறகு பிறந்தது என்று நமக்குத் தெரியும், அது எதன் மேல் வளர்ந்ததோ அதற்குப் பிறந்த வருடம் இருக்கிறது. கருவி அதைவிடக் கூட்டிச் சொன்னால், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று நாமே அளந்துவிடலாம். அதைத்தான் அழுக்கு என்று சுரண்டிக் குப்பையில் போட்டிருந்தேன்.

நான் இதையெல்லாம் தலைவரிடம் என்ன வரிசையில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. மூச்சு வாங்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் எழுந்து வந்து லென்சை வாங்கிப் பார்த்தார். இதன் வயது என்ன என்று கேட்டார்.

"தெரியாது சார். ஆனா மேஸ்திரியோட நிக்காஹ்வுக்கு அப்புறம்தான்."

குழுவில் யாரோ சிரித்தார்கள். தலைவரின் வாய் ஓரமும் கொஞ்சம் அசைந்ததாக ஜோசபின் இன்றுவரை சத்தியம் செய்கிறாள். அந்த வயதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். ஒரு வருடம் என்றேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. கருவி ஒரு வருடத்துக்கு இங்கேயே இருக்கும், ஆட்களும் இருப்பார்கள். கடிதத்தை ஜோசபினே பிரித்து வாசித்தாள், பிறகு அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பாதி நாள் லீவு போட்டாள்.

கருவிக்குப் போதுமான தோலைச் சேர்ப்பது லேசான காரியமாக இல்லை. அந்தப் பாறைக்கு மேஸ்திரியே எங்களோடு வந்தார். எங்கள் விலை உயர்ந்த உளிகள் எல்லாம் தோலோடு சேர்த்துக் கலவையையும் பெயர்த்தன. அவர் தன் பூசும் கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, தோசை திருப்புவது போல் தோலை மட்டும் எடுத்தார். இப்படி ஏழெட்டு முறை போய் வந்தோம்.

முடிவு வந்த அன்று தாளைப் பார்த்துவிட்டு நான் செருப்பு மாற்றக்கூட மறந்து தெருவில் இறங்கிவிட்டேன். மேஸ்திரி அப்போது இரண்டு தெரு தள்ளி வேறொரு வீட்டில் சாரத்தின் மேல் நின்று பூசிக்கொண்டிருந்தார். கீழே நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். கருவிக் கணக்குப்படி, இரவல் எண்ணைக் கழித்த பிறகும், அந்தத் தோல் தனக்கு அடியில் இருக்கும் கலவையைவிடப் பல நூறு வருடம் மூத்தது. அவர் சாரத்திலிருந்து இறங்கி வந்தார்.

"அம்மாவுக்கு முன்னாடியே புள்ள பொறந்துடுச்சா மேடம்?"

அதுதான் அதுதான் என்று குதித்தேன். பாறையிலிருந்து வரும் பழைய கார்பன் செய்யும் வேலை அது, நம் மண்ணில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று இனி யாரிடமும் இரவல் வாங்க வேண்டாம், நம்மிடமே எண் இருக்கிறது, அதுவும் உங்கள் கல்யாணத்தை வைத்து அளந்த எண் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார், வீட்டில் சொல்ல வேண்டும் என்றார். பிறகு கரண்டியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை வழித்துக்கொண்டே யோசித்தார்.

"அப்ப இத்தினி வருஷமா மத்த கல்லுக்கெல்லாம் நீங்க சொன்ன வயசு?"

குதிப்பதை நிறுத்தினேன். எல்லாமே கூடுதலாகச் சொன்னதுதான் மேஸ்திரி என்றேன். சொல்லிவிட்டு, ஏனோ மறுபடி சிரிப்பு வந்தது, அவரும் சிரித்தார்.

ஆய்வகத்துக்குத் திரும்பியவுடன், என் பெயரில் வெளிவந்திருந்த கட்டுரைகள் எல்லாவற்றையும் இறக்கி வைக்கும்படி ஜோசபினிடம் சொன்னேன். பதினொன்று இருந்தன. எதற்கு என்று கேட்டாள். வேலை வந்துவிட்டது, இனி யாரும் இந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்றேன். ஒவ்வொரு கல்லையும் திரும்ப எடுத்து, திரும்ப அளந்து, நான் சொன்னது தவறு என்று என் கையாலேயே எழுதிப் பத்து கட்டுரைகளைத் திருத்தி வெளியிட்டேன். பதினோராவதைத் தொடுவதற்குள் ஓய்வு பெறும் நாள் வந்துவிட்டது. அதை உங்கள் மேசை மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.